ஏழாம் கட்டை எங்கே போகத் துடிக்கிறது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சின்ன வயசுல இருந்து கர்நாடக சங்கீதம் கத்துக்கறேங்க. சங்கராபரணமும் மேஜர் ஸ்கேலும் ஒண்ணுதான்னு சொல்றாங்க. அப்படின்னா வெஸ்டர்ன்ல நான் புதுசா கத்துக்க என்னதாங்க இருக்குது?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

ஸ்வரங்களின் இடம் ஒன்றுதான் அம்மிணி. கீபோர்டில் ஒரு கட்டையில், அதாவது சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் 29ஆம் மேளகர்த்தா (தாய்) ராகமான தீரசங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் வந்துவிடும். முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதியிருக்கிறார். 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரம் பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டு. நீங்களும் 'சக்தி சஹித கணபதிம்' பாடித்தான் தொடங்கியிருப்பீர்கள்.

ஆனால் இடம் ஒன்று என்பதால் ராகமும் ஸ்கேலும் ஒன்றாகிவிடாது. பிலஹரியும் இதே ஏழு ஸ்வரங்களில் பிறந்ததுதான். ஏறும்போது மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டுவிட்டு, இறங்கும்போது ஏழையும் தொடுகிறது. கேட்ட மாத்திரத்தில் 'இது சங்கராபரணம் இல்லை' என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். சங்கராபரணத்திலேயே மத்திமத்தை அசைக்காமல் கம்பி மாதிரி பிடித்தால் உங்கள் குரு விடுவாரா?

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது வேறொன்று. நம் கச்சேரியில் தம்புரா தொடக்கம் முதல் முடிவு வரை அதே சட்ஜத்தில் நிற்கிறது. எந்த ஸ்வரத்துக்கும் அந்தச் சட்ஜத்தை வைத்துத்தான் குணம். மேற்கத்திய இசையில் அடித்தளமே நகரும். நீங்கள் இ என்ற ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடியுங்கள். அடியில் சி மேஜர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்தால் அது காந்தாரம். ஏ மைனர் வந்தால் அதே ஒலி பஞ்சமம். எஃப் மேஜர் வந்தால் நிஷாதம். குரல் நகரவே இல்லை, உணர்ச்சி மூன்று முறை மாறிவிட்டது. தோழி யாரையாவது கார்டு பிடிக்கச் சொல்லிப் பாடிப் பாருங்கள். இந்த அனுபவத்துக்காகவே ஹார்மனி கற்கலாம்.

கேள்வி: பையன் கீபோர்டு கிரேடு பரீட்சைக்குப் படிக்கறானுங்க. டானிக், டாமினன்ட்னு மனப்பாடம் பண்றான். அப்படின்னா என்னடான்னு கேட்டா முழிக்கறான். எனக்குச் சங்கீதம் தெரியாதுங்க, ஜமக்காள வியாபாரம். அவனுக்கு எப்படிப் புரிய வைக்கறது?
– ஒரு தந்தை, பவானி

சங்கீதம் தெரியாதவர் பக்கத்தில் உட்காருவது நல்லதுதாங்க. காது மட்டும் இருந்தால் போதும்.

இன்றைக்கு ராத்திரி அவனை சி, இ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். அதுதான் டானிக், வீடு. அப்புறம் ஜி செவன்த் என்ற கார்டின் ஜி, பி, டி, எஃப் நான்கையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, அங்கேயே கையை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் பேசாமல் இருங்கள். ஏதோ பாக்கி இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும். சாயங்காலம் அவிழ்த்துவிட்ட மாடு கட்டுத்தரையைப் பார்த்துத் தானாக நடக்கிற மாதிரி, அந்தக் கார்டு சி மேஜரைத் தேடும். இப்போது அவன் சி, இ, ஜி-யை அழுத்தட்டும். மூச்சு விடுவீர்கள். டாமினன்ட் என்றால் அந்தத் தேடல்தான்.

காரணத்தை அந்த நான்கு ஸ்வரங்களுக்குள்ளேயே காட்டலாம். அதில் பி என்பது ஏழாம் கட்டை. வீடான சி-க்கு அரை ஸ்வரம் கீழே, வாசற்படியில் நிற்கிறது. மேலே ஏறத் துடிக்கும். எஃப், இ-க்கு அரை ஸ்வரம் மேலே நிற்கிறது. கீழே இறங்கத் துடிக்கும். இந்த இரண்டுக்கும் இடைவெளி ஆறு அரை ஸ்வரங்கள், ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டுகிற இடைவெளி. ஒன்றாக ஒலிக்கும்போது அமைதியே இருக்காது. பி மேலேறி சி ஆக, எஃப் கீழிறங்கி இ ஆக, முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. பையன் அந்த இரண்டு விரல்களை மட்டும் மெதுவாக நகர்த்தட்டும். பத்துப் பக்கம் படிப்பதைவிட அது மேல்.

இந்த எதிர்பார்ப்பை வைத்துத்தான் பெரிய மேதைகளும் விளையாடினார்கள். 1800இல் வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் முதல் சிம்பொனி சி மேஜரில் அமைந்தது. ஆனால் முதல் கார்டே சி செவன்த். அது எஃப்-ஐத் தேடிப் போகிற கார்டு. வீட்டுக்குள் நுழையும் முன்பே பக்கத்து வீட்டைக் காட்டி ஆரம்பிக்கிறார். ஜி செவன்துக்குப் பிறகு சி மேஜருக்குப் பதில் ஏ மைனர் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கும், அதிலும் ஓர் அழகு. ஜாஸ்காரர்கள் ஜி செவன்துக்கு முன்னால் டி மைனர் செவன்த் ஒன்றைச் சேர்ப்பார்கள். டி மைனர், ஜி செவன்த், சி மேஜர் என்ற இந்த நடை ஆயிரக்கணக்கான ஜாஸ் பாட்டுகளில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அவன் முதலில் கற்க வேண்டியது அதுதான்.

கேள்வி: தம்புராவோடு சேர்ந்து கீபோர்டு வாசித்தால் காந்தாரம் உறுத்துகிறது. என் காதில் கோளாறா?
– வயலின் பயிலும் வாசகர், தாராபுரம்

உங்கள் காது ரொம்பச் சரி. தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் தானாக எழும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். ஸ்தாயிக்குள் கொண்டுவந்து பார்த்தால் அது சட்ஜத்தின் 1.25 மடங்கு. கீபோர்டிலோ ஸ்தாயியை 12 சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். அதில் காந்தாரம் சுமார் 1.26 மடங்கு, கொஞ்சம் ஏற்றம். பஞ்சமம் 1.5-க்குப் பதில் 1.498, அது யாருக்கும் உறுத்தாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக. 12 மேஜர், 12 மைனர் என 24 கீ-யிலும் (ஸ்கேலிலும்) ஒரே வாத்தியத்தில் வாசிக்கும் ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722இல் அத்தனைக்கும் வரிசையாக எழுதித் தொகுத்த நூலே சாட்சி. நீங்கள் வயலினில் தம்புராவையே நம்புங்கள்.

கேள்வி: கல்யாண பேண்டுல டிரம்பெட் வாசிக்கறேன். நோட்டைப் பார்த்து சி ஊதினா, கீபோர்டுக்காரர் சி-யோட சேர மாட்டேங்குதுங்க.
– வாசகர், திருப்பூர்

சேராதுங்க. உங்களுடையது பி ஃபிளாட் டிரம்பெட். காகிதத்தில் சி என்று இருப்பதை ஊதினால் ஆறரைக் கட்டை ஒலிக்கும். கீபோர்டுக்காரரின் நோட்டை வாசிக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி வாசியுங்கள். அவருக்கு சி என்றால் உங்களுக்கு டி. உங்கள் குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் இருந்தால் அது இ ஃபிளாட், கணக்கு வேறு. வாசிக்கும் முன் 'எத்தனை கட்டை?' என்று கேட்டுக்கொள்கிற நம் ஊர் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஜாஸ்ல ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கற மாதிரி இருக்குது. அதுக்கு இலக்கணம் உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

கறாரான இலக்கணம் உண்டுங்க ஐயா. ஆவர்த்தனக் கணக்குத் தவறாமல் கல்பனாஸ்வரம் பாடுகிறவரை இஷ்டத்துக்குப் பாடுகிறார் என்று நாம் சொல்வதில்லையே.

பிளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 12 பார். ஒரு பார் என்றால் நான்கு தட்டு. சி செவன்த் 4 பார், எஃப் செவன்த் 2, மறுபடி சி 2, ஜி செவன்த் 1, எஃப் 1, சி 2. எத்தனை பேர் மாறி மாறி வாசித்தாலும் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல்தான் கற்பனை. பிளூஸ் பாடகர்கள் சாதாரண காந்தாரம் என்ற கீழ்க் காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரம் என்ற மேல் காந்தாரத்துக்கும் நடுவில் வழுக்கிப் பாடுவார்கள். கமகம் பழகிய உங்கள் காது அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

தாளத்தில் ஸ்விங் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தட்டையும் திஸ்ர நடையில் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைச் சுருக்கமாக வையுங்கள். வேகம் கூடக் கூட இந்த நெடில் குறில் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் சொடக்குப் போடுங்கள். முதல் தட்டில் கை தட்டியே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் தகராறு செய்யும், விடாதீர்கள்.

கேட்கத் தொடங்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு 'கைண்ட் ஆஃப் புளூ' தொகுப்பில் முதல் உருப்படியான 'சோ வாட்'டைச் சொல்வேன். அதன் சுற்று 32 பார். முதல் 16 பார் டி டோரியன். நம் கணக்கில் இரண்டு கட்டை ஸ்ருதியில் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். அடுத்த 8 பார் அதே ஸ்வர வரிசை இரண்டரைக் கட்டைக்கு ஏறும். கடைசி 8 பார் மறுபடி இரண்டு கட்டை. ஸ்ருதிப் பெட்டி எதுவும் வைக்காமல், எண்ணிக்கொண்டே கேளுங்கள். அந்த அரைக் கட்டை ஏறுகிற இடத்தை இரண்டாவது மூன்றாவது சுற்றில் நீங்களே முன்கூட்டி எதிர்பார்ப்பீர்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.