பதில்: கங்காணி வசனத்தை அதிபர் வெட்டச் சொல்கிறார்

டீச்சர், தமிழ்மொழித் தினப் போட்டி நாடகத்தில் கங்காணி, அதாவது மலையகத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிறவன், திட்டும் வசனங்களை அடியோடு வெட்டும்படி பாடசாலை அதிபர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சாதிப் பெயர் வரும் வரியை நானும் எடுக்கத்தான் சொல்வேன். மறுநாளே வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்கு அது பட்டப்பெயராகிவிடும். மற்றதை விட்டுக்கொடுக்காதீர்கள். கங்காணி மரியாதையாகப் பேசினால் நம் பாட்டன் பாட்டி பட்ட பாடு மேடைக்கே வராது.

காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தவளிடம், "உனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான், போ!" என்று சொல்ல வையுங்கள். பாதி நாள் கூலி போவது கெட்ட வார்த்தையைவிட உறைக்கும், லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி, அதை அடைக்கும் தோட்டத்துக்கு ஆளை விடும் துண்டு முறை 1921இல் ஒழிந்தது; கதை அதற்கு முந்தியதென்றால் கடனைச் சொல்லியும் மிரட்டலாம். அப்புறம், அதிபரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். தாளில் திட்டு மட்டும்தான் கண்ணில் படும்.