வயலை விற்க முன் அந்தக் கொப்பியைப் பாருங்கள்

போன சனிக்கிழமை களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்து என்ன படிக்கவைப்பது என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. ஒரு ஏ, இரண்டு பி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் சுவிசிலிருக்கும் மாமா தொலைபேசியில் முடிவே சொல்லிவிட்டார்: கொழும்பில் தனியார் வளாகம், ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவப் பட்டம், மூன்று வருடம். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 38 இலட்சம் என்று தகப்பன் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கூட்டி வைத்திருந்தார். பாதி மாமா தருவாராம். மீதிக்குப் படுவான்கரையிலுள்ள இரண்டு ஏக்கர் வயல்.

"புள்ள கெட்டிக்காரி சேர். இத விட்டா மறுகா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் தாய்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். பயப்படாதீர்கள், நல்ல பெறுபேறு, எல்லாம் சரிவரும். அப்புறம் பிள்ளையிடம், வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஊர் மரண உதவிச் சங்கத்தின் கணக்கு. பொருளாளர் தகப்பன்தான், ஆனால் இரண்டு வருடமாக எழுதுவது மகள். சந்தாக் காசு நீலப் பேனையில், செத்த வீட்டுச் செலவு சிவப்பில். வெளிநாட்டிலிருந்து பாடசாலைச் சீருடைக்கென்று வரும் காசு பச்சையில், அதற்குத் தனிப் பக்கம். ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: "கதிரை வாங்க 40,000 கேட்டார்கள். பச்சைக் காசில் எடுக்கேலாது என்றேன். தலைவருக்குக் கோபம்."

அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஆறுதல் சொல்வதை நிறுத்தினேன்.

அம்மா, உங்களுக்கு நேரே சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வயலை விற்க வேண்டாம். மட்டக்களப்பு வழக்கப்படி அது நாளைக்கு இந்தப் பிள்ளையின் சீதனம். அவளுடைய சொத்தை விற்று, அவள் கேட்காத படிப்பை அவளுக்கே வாங்கிக் கொடுப்பது என்ன கணக்கு? அதே முகாமைத்துவப் பட்டத்தை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கட்டணமில்லாமல் படிக்கலாம். அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுக்கலாம். வங்கி வேலை, ஆசிரியர் நியமனம், அரச பரீட்சைகள் பற்றியெல்லாம் உங்கள் வீட்டில் ஏற்கனவே பேசி முடித்திருப்பீர்கள், அவற்றை விடுகிறேன்.

உங்கள் மகள் பச்சைப் பேனையால் செய்ததற்கு உலகத்தில் ஒரு தொழிலே இருக்கிறது. இன்ன காரியத்துக்கென்று தந்த காசை வேறு எதற்கும் தொடாமல் வைத்துக் கணக்குக் காட்டுவது. இது ஆகப் பெரிய அளவில் நடக்கும் இடம் சமூக அறக்கட்டளை.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் ஃபிரெட்ரிக் கோஃப் என்ற வங்கித் தலைவர் முதலாவதைத் தொடங்கினார். பணக்காரர்கள் சாகும்போது இன்னதற்கு மட்டும் என்று உயில் எழுதிவிட்டுப் போவார்கள். காலம் மாறி அந்தத் தேவையே இல்லாமற் போனாலும் காசு அசையாது, இறந்தவரின் கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கோஃபின் யோசனை இதுதான்: பலருடைய காசை ஒரே நிதியில் சேர்த்து வங்கி காக்கட்டும், எதற்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் காலத்து ஊரவர் குழு தீர்மானிக்கட்டும்.

நமக்கு இது புதிதா என்ன? கோயில் வயலைக் குத்தகைக்குக் கொடுத்து, வரும் நெல்லில் திருவிழாச் செலவைப் பார்க்கும் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரைக் கேளுங்கள். சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினருக்கு வக்பு என்றால் விளக்கமே தேவையில்லை. சொத்து அப்படியே நிற்கும், பயன் மட்டும் அறத்துக்குப் போகும். ஆங்கிலத்தில் எண்டோவ்மென்ட் என்பார்கள். நான் முதல்நிதி என்று எழுதுகிறேன்.

முதலைத் தொடக்கூடாது என்று சொல்வது சுலபம், காப்பதுதான் வித்தை. ஒரு கோடி ரூபாய் முதல்நிதி வருடத்துக்குப் பத்து இலட்சம் உழைக்கிறது என்று வையுங்கள். பத்தையும் கொடுத்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் விலைவாசி ஏற ஏற அந்த ஒரு கோடி உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் இப்படியான அறக்கட்டளைகள் பொதுவாகக் கடைசி மூன்று வருடச் சராசரிப் பெறுமதியில் 4 அல்லது 5 வீதம்தான் கொடுக்கும். மிச்சம் முதலோடு சேரும். மூன்று வருடச் சராசரி எதற்கென்றால், ஒரு வருடம் சந்தை விழுந்தாலும் ஊர் அமைப்புகளுக்குப் போகும் காசு திடீரென்று பாதியாகக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய வருடம் 59 இலட்சத்துக்கு வாங்கியதற்கு அப்போது ஒரு கோடி வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போன சங்கங்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள், கணக்குப் போட்டே காட்டுவாள்.

உள்ளே காசும் ஒரே நிறமல்ல. கல்விக்கு மட்டும் என்று தந்தது ஒன்று. இன்ன அமைப்புக்கே வருடாவருடம் போகவேண்டும் என்று எழுதித் தந்தது ஒன்று. யாருக்குக் கொடுப்பது என்று தந்தவர் அவ்வப்போது ஆலோசனை சொல்லும் நிதி ஒன்று. எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்ததும் உண்டு, ஆகக் குறைவாக வருவதும் ஆகப் பெறுமதியானதும் அதுதான். ஊர் அமைப்புகள் தங்கள் சேமிப்பையே கொண்டுவந்து வைக்கும் நிதியும் இருக்கிறது. கென்யாவில் 1997இல் தொடங்கிய சமுதாய அபிவிருத்தி அறக்கட்டளை அப்படித்தான் ஊர்க் குழுக்களுக்குச் சொந்தமாக முதல்நிதி சேர்க்க உதவுகிறது. முதலீட்டுக்கு எல்லாம் ஒன்றாகப் போகும், கணக்கு மட்டும் தனித்தனியாக நிற்கும். நீலம், சிவப்பு, பச்சை.

இந்த வேலையின் அருமை எங்கள் கரைக்குத்தான் ஆகவும் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடி தொடக்கம் கல்முனை தாண்டியும் எத்தனை நிறுவனங்களின் பெயர்ப்பலகை! இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். திட்டத்துக்குக் காசு வந்தது, திட்டம் முடிந்தது, பலகையும் போனது. அவர்களோடு வேலை செய்த உள்ளூர் அமைப்புகள் பல, கணக்காளருக்குச் சம்பளமும் கரண்ட் பில்லும் கட்ட வழியில்லாமல் படுத்துவிட்டன. வருடத்துக்குச் சிறிய தொகையென்றாலும் நிச்சயமாக வரும், அதில் பில்லும் கட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சில இன்றைக்கும் நின்றிருக்கும்.

அந்தத் தொகையைக் கொடுப்பவரின் வேலை காசோலையில் கையெழுத்து வைப்பதோடு முடியாது. வவுணதீவில் ஒரு மாதர் சங்கம் விண்ணப்பிக்கிறது என்று வையுங்கள். பதிவைப் பார்க்கவேண்டும்: 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்த தொண்டு அமைப்பா, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியா, நம்பிக்கைப் பொறுப்பா. இரண்டு வருடக் கணக்கை வாசிக்கவேண்டும். பிறகு நேரில் போய், தேத்தண்ணி குடித்து, தலைவி பேசும்போது மற்றப் பெண்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். முதல் தவணை கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி, பிறகுதான் இரண்டாவது. தலைவரின் கோபத்துக்குப் பயந்து பச்சைக் காசில் கதிரை வாங்குகிறவர் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார்.

சமூக அறக்கட்டளை என்ற பெயரில் பத்திரிகையில் வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்கவேண்டாம். வரும் பெயர்கள் நிதி உத்தியோகத்தர், நன்கொடை உத்தியோகத்தர், திட்டக் கணக்காளர். தொண்டு நிறுவனங்கள், புலமைப்பரிசில் நிதி வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கங்கள், பெரிய கோயில்கள், பள்ளிவாசல்கள், வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு ஆள் தேவை. பாதி இடங்களுக்கு அந்தத் தேவை தெரியவே தெரியாது. தொடக்கச் சம்பளம் கொழும்பு வங்கியைப் போலிராது, அதை ஒளிக்க மாட்டேன்.

வழி இது. ஏ.ஏ.ரி. கணக்கியல் படிப்பை வீட்டிலிருந்தே இப்போதே தொடங்கலாம். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதோடு சேர்த்துத் தொடரலாம், கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையம் இருக்கிறது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென்றே ஒரு கணக்கு நடைமுறை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதை இந்த வருடமே அவள் வாசிக்கட்டும், ஆங்கிலமும் சேர்ந்து ஓடிவிடும். எக்செல்லை ரியூசனுக்குப் போய்ப் படிக்கவேண்டாம், அந்தக் கொப்பியை அப்படியே கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். இத்தனைக்கும் நகை அடகு வைக்கத் தேவையில்லை, கடனும் வேண்டாம். ஒருவேளை அவளே கொழும்பு வளாகம்தான் வேண்டும் என்றால் வேறு கதை, உட்கார்ந்து பேசலாம். நான் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொப்பியைப் பற்றிக் கேட்டபோது இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள்.

மாமாவுக்கு நீங்கள் மறுமொழி சொல்லவேண்டாம், மகள் எழுதட்டும். சீருடைக் காசு அனுப்புவதே அவருடைய ஊர்ச்சங்கம்தானாம். இரண்டு வருடமாக எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகளுக்குப் போனது, கையில் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு பக்கத்தில் ஒரு அறிக்கை, பற்றுச்சீட்டுகளின் படத்தோடு. கதிரைக் கதையையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் அதை வாசித்துப் பதில் போடும்வரை வயல் உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.