கம்பெனி சட்டம் படிக்க எந்த வழி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகள் +2 வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். கார்ப்பரேட் வக்கீல் ஆக வேண்டும் என்கிறாள். ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்ப்பதா, பி.காம். முடித்தபின் மூன்று வருட எல்.எல்.பி. படிக்க வைப்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: வக்கீலாகப் பதிவு செய்ய இரண்டு பட்டமும் ஒன்றுதான், அதில் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆனால் உங்கள் மகள் இப்போதே உறுதியாக இருக்கிறாள் என்றால் நான் ஐந்து வருடப் படிப்பைத்தான் சொல்வேன். ஒரு வருடம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் இல்லை. பெரிய சட்ட நிறுவனங்கள் புதியவர்களைப் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்பில், அதாவது படிக்கும்போதே செய்கிற பயிற்சியில், வேலை வாங்கிப் பார்த்துத்தான் எடுக்கின்றன. ஐந்து வருடம் படிக்கிறவளுக்கு அதற்கான விடுமுறைகள் நிறைய. மூன்று வருடப் படிப்பில், சூடு பிடிப்பதற்குள் கடைசி வருடம் வந்துவிடும்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் (CLAT) என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் திருச்சியில் இருப்பதற்கும் அதுதான். டெல்லிக்கு மட்டும் தனித் தேர்வு. கிளாட்டில் 120 கேள்விகள், 2 மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதுகிற தேர்வே இல்லை, பத்தி பத்தியாகக் கொடுத்துக் கேட்பார்கள். இதைவிட முக்கியமாக, சமீப வருடங்களில் டிசம்பரிலேயே தேர்வை முடித்துவிடுகிறார்கள், அதனால் பொதுத் தேர்வு முடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வருடம் கையைவிட்டுப் போய்விடும். கிளாட் கிடைக்காவிட்டால் சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது, பி.காம். எல்.எல்.பி. ஹானர்ஸ் அங்கேயே உண்டு, +2 மதிப்பெண் வைத்துச் சேர்க்கிறார்கள். வணிகவியல் படித்த பிள்ளைக்கு இது ரொம்பப் பொருத்தமான படிப்பு.

உறுதி இல்லை, கொஞ்சம் ஆசை மட்டும்தான் என்றால் பி.காம். சேருங்கள். சி.ஏ., சி.எஸ். (கம்பெனிச் செயலர் படிப்பு), வங்கி என்று மற்ற கதவுகளும் திறந்தே இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: அஞ்சல் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது, யார் என்ன விளம்பரம் செய்தாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே வராது. சட்டம் பிடிக்கும். கம்பெனி சட்டத்தில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்குங்கள் தம்பி. இந்தத் துறையில் பெரும்பகுதி வேலை படிப்பதும் எழுதுவதும்தான். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருட ஜூனியர் கையில் விற்கிற கம்பெனியின் பல வருட மினிட்ஸ் புத்தகங்களைக் (கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை) கொடுத்துவிடுவார்கள். புரட்டிக்கொண்டே வரும்போது 2016-இல் ஒரு உறவினருக்குப் புதிதாகப் பங்கு ஒதுக்கியது கண்ணில் படுகிறது. 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டம் 62-ஆவது பிரிவுப்படி, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களை விட்டுவிட்டு வெளியாளுக்கு இப்படிக் கொடுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது எதிர்த்து விழுந்த வாக்கைப்போல மூன்று மடங்காவது ஆதரவு. தேடினால் தீர்மானத்தைக் காணோம், பங்கு ஒதுக்கியதைக் கம்பெனிகள் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவமும் காணோம். அப்படியானால் அந்தப் பங்கு செல்லுமா, வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? உடனே சீனியரிடம் சொல்லி, பணம் கைமாறும் முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும், பிற்பாடு பிரச்சினை வந்தால் விற்றவர்தான் நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து எழுதுவீர்கள். இதில் மேடைப் பேச்சு எங்கே வருகிறது? பொறுமைதான் வேண்டும், அப்புறம் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துப் பயப்படாத மனசு. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைக் கல்லூரியில் முதல் வருடமே நடத்தி முடித்துவிடுவார்கள், பலரும் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கச் சோறு போடப்போவது அதுதான்.

பேச்சே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் கேட்பதைப் புரிந்துகொண்டு நேராகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும், அது பழகப் பழக வந்துவிடும்.

கேள்வி: பி.காம். கடைசி வருடம். சி.எஸ். செய்வதா, எல்.எல்.பி.யா? இரண்டும் செய்தால் பலன் உண்டா?

பதில்: கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து போர்டு மீட்டிங், பதிவாளரிடம் தாக்கல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் என்று பார்க்கப் பிடித்தால் சி.எஸ். போதும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் கட்டாயம் முழுநேரக் கம்பெனிச் செயலரை வைத்திருக்க வேண்டும் என்பதால் வேலைக்கும் வழி இருக்கிறது. ஒப்பந்தம், நீதிமன்ற வழக்கு இந்தப் பக்கம் வக்கீலாகப் போக ஆசை என்றால் எல்.எல்.பி. இல்லாமல் முடியாது. 2016-இல் திவால் சட்டமும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயமும் வந்தபிறகு இரண்டும் தெரிந்தவர்களுக்கு நல்ல மதிப்பு, அதனால் முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் காலை வைத்து இரண்டிலும் அரியர் வைப்பதைவிட, சி.எஸ். எக்சிகியூட்டிவ் நிலையை முடித்துவிட்டு எல்.எல்.பி. சேர்வது நல்லது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பார் கவுன்சில் விதிப்படி, முழுநேரச் சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் சேர்ந்தால் அந்தக் காலத்தில் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது, பதிவை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டதும் திரும்பத் தொழிலுக்கு வரலாம்.

கேள்வி: வெளிநாட்டில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படித்தால்தான் பெரிய நிறுவனங்கள் எடுக்குமா?

பதில்: இல்லை. இங்கே சட்ட நிறுவனத்தில் சேர எல்.எல்.பி. போதும், எல்.எல்.எம். கல்லூரியில் பாடம் எடுக்க நினைப்பவருக்குத்தான் அவசியம். வெளிநாட்டு எல்.எல்.எம். வாங்கினால் அந்த நாட்டு வக்கீல் ஆகிவிடலாம் என்பதும் பொதுவாகச் சரியில்லை, அதற்கு அந்தந்த நாட்டில் தனித் தகுதித் தேர்வு உண்டு. கடன் வாங்கிப் போவதாக இருந்தால் இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு, எந்தப் பிரிவில் நிற்கப்போகிறீர்கள் என்று தெளிவான பிறகு போங்கள்.