ரிசீவரா, தனித்தனிப் பெட்டிகளா?

வீட்டில் படம் பார்க்க எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ரிசீவர் போதுமா, ஒலியைத் தேர்ந்து கட்டுப்படுத்தும் பிரீ ஆம்ப், ஸ்பீக்கர்களை இயக்கும் பவர் ஆம்ப் என்று பிரித்து வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுத்தர அறைக்கும் 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர்களுக்கும் ரிசீவரே தாராளம். ஆனால் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘100 வாட்’டைப் பார்த்து மயங்காதீர்கள், பெரும்பாலும் அது இரண்டு சேனல்கள் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான தனி ஒலி வழி) மட்டும் இயங்கும்போது அளந்தது. ஏழு சேனல் ரிசீவரில் ஏழும் சேர்ந்து முழங்கினால், மின்சாரம் தரும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான் அத்தனைக்கும் பங்கு வைக்க வேண்டும். இருந்தாலும், 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்குச் சற்றே கூடுதல் சத்தம்தான். அதற்காகவா இவ்வளவு செலவு?

4 ஓம் ஸ்பீக்கர் (ஓம் குறைந்தால் ஆம்ப் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும்), பெரிய கூடம் என்றால் கதை வேறு. அப்போதும் பின்புறம் ‘பிரீ அவுட்’ (வெளி ஆம்புக்கு ஒலி சிக்னல் அனுப்பும் இணைப்பு) உள்ள ரிசீவரையே முதலில் வாங்குங்கள். போதாவிட்டால் முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் பவர் ஆம்ப் சேர்த்துக்கொள்ளலாம். படமும் ஒலியும் செல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் தரம் மாறி ரிசீவரை மாற்றினாலும் அந்த ஆம்ப் அப்படியே தொடரும்.