ஸ்கூல் தொறந்தாச்சு: டீச்சர் பதில்கள்

கேள்வி: இந்த ஜூன்லதான் ஒரு தொடக்கப் பள்ளியில ரெண்டாம் வகுப்பு டீச்சரா சேர்ந்திருக்கேன். முதல் நாள் ஒவ்வொருத்தரா எழுந்து பேரு, அப்பா பேரு, அப்பா என்ன வேலை பாக்குறாரு, எந்தத் தெருன்னு சொல்லச் சொன்னேன். பாதிப் பேர் வாயே தொறக்கல, ஒரு பொண்ணு அழுதே போயிட்டா. என்ன தப்பு பண்ணேன்?
– ஒரு இளம் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: மனசு கஷ்டப்படாதீங்கம்மா, நாம படிச்சப்பவும் இப்படித்தான் கேட்டாங்க, நானும் ரொம்ப வருஷம் இதே நாலு கேள்வியத்தான் கேட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, அதுல பேரு மட்டும்தான் பிள்ளையோடது, மத்த மூணும் பெரியவங்க சமாச்சாரம். அப்பா இறந்துபோன பிள்ளை இருக்கும், அப்பா எங்கேன்னே தெரியாத பிள்ளை இருக்கும், அதுங்க நாப்பது பேர் முன்னாடி என்னத்தச் சொல்லும்? அப்புறம் அந்த "எந்தத் தெரு"... நம்ம ஊர்ல அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஏழு வயசுப் பிள்ளைக்கும் சீக்கிரமே தெரிஞ்சுடுது, அதுதான் வேதனை. 2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில ஒரு பையனையும் தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே சாதி வெறியில வீடு புகுந்து வெட்டுனாங்களே, அதுக்கப்புறம் நீதிபதி கே. சந்துருவ வெச்சு அரசு ஒரு நபர் குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல வந்த அந்த அறிக்கையில பிள்ளைகளை அகரவரிசையில உக்கார வைங்கன்னு ஒரு பரிந்துரை இருக்கு. அத நீங்க ரெண்டாம் வகுப்புலயே ஆரம்பிங்க. ஒரே தெருவுப் பிள்ளைங்க சேர்ந்து சேர்ந்து உக்காராம, பேரோட முதல் எழுத்த வெச்சு பக்கத்துல யாருன்னு முடிவாகட்டும்.

பேரு எப்படி வரவைக்கிறது? பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டு தெரியும்தானே, ரெண்டு வரிசையா எதிரெதிரா கை கோத்து நின்னு முன்னாடி வந்து பின்னாடி போயி பாடுவோமே, அதேதான். எந்தப் பூன்னு கேக்குற இடத்துல எதிர் வரிசையில நிக்குற பிள்ளையோட பேரச் சொல்லணும், அவ்வளவுதான் மாத்தம். பேரு தெரியாம கூப்பிட முடியாதுல்ல, அதனால பக்கத்துல இருக்கிறவன் காதுல "அவ பேரு என்னடா"ன்னு அதுங்களே விசாரிச்சுக்கும். ஒரு தடவ கூப்பிட்ட பேர மறுபடி கூப்பிடக் கூடாதுன்னு ஒரு விதி வைங்க, இல்லேன்னா நல்லா பேசுற நாலு பிள்ளைங்க பேரே சுத்திச் சுத்தி வரும். கைய இழுக்குறதுக்குப் பதிலா, கூப்பிட்ட பிள்ளை இந்தப் பக்கம் வந்து தனக்குப் புடிச்ச ஒரு விஷயம் சொல்லட்டும். ஆட்டுக்குட்டி, பரோட்டா, எதுவா இருந்தாலும் சரி.

அடுத்த நாள் பேரையே பாடமாக்கிடலாம். சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுக்குற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது 2022ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே 2007-08ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைங்க தாங்களே செஞ்சு பாத்துக் கத்துக்கிற முறை, வந்தப்பவே பிள்ளைங்க தங்களோட வருகைய தாங்களே பதிவு பண்ணுவாங்க, சுவத்துல கீழ ஆளுக்கொரு கரும்பலகை இருக்கும். அந்தக் கரும்பலகை உங்க வகுப்புல இன்னும் இருந்தா பெயிண்ட் அடிச்சு பேர எழுதச் சொல்லுங்க. "பேருல ம இருக்கிறவங்க எல்லாம் இங்க வாங்க"ன்னு கூப்பிட்டுப் பாருங்க, மாரியும் முகமதும் மேரியும் ஒரே கூட்டமா வந்து நிப்பாங்க. முதல் வாரம் புத்தகத்த தொறக்கலையான்னு தலைமை ஆசிரியர் கேட்டா, எழுத்துப் பாடம்தான் நடக்குதுன்னு தைரியமா சொல்லலாம், அது உண்மையும்கூட.

அழுத அந்தப் பொண்ண கொஞ்ச நாளைக்கு எதுவும் கேக்காதீங்க, சாக்பீஸ் எடுத்துக் குடுக்குற வேலை மட்டும் குடுங்க.

கேள்வி: எங்க வகுப்புல ஒடிசா, பீகார்ல இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க ஆறு பேர். தமிழ் தெரியல, ஒதுங்கியே இருக்காங்க.
– ஒரு ஆசிரியர், திருப்பூர்

பதில்: அவங்க தமிழ் கத்துக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க சார், நம்ம பிள்ளைங்க அவங்ககிட்ட ஏதாவது கத்துக்கட்டும். வட்டமா நிக்க வெச்சு கைதட்டி எண்ணுங்க, ஒரு சுத்து ஒண்ணு ரெண்டு மூணு, அடுத்த சுத்து ஏக், தோ, தீன், அப்புறம் ஒடியாவுல ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. மூணாவது சுத்துல யாரு டீச்சர்? அந்த ஒடியா பிள்ளை! அந்த முகத்த அப்ப நீங்க பாக்கணும். அவங்க பேர நம்ம வாய்க்கு வர்ற மாதிரி சுருக்காம, அவங்க அம்மா கூப்பிடுற மாதிரியே கேட்டு எழுதிக்கோங்க, இத கெஞ்சிக் கேக்குறேன். 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் இப்ப உங்க ஸ்கூல்லயும் இருக்குமே, அந்த அரைமணி நேரம் தங்கம் மாதிரி, தட்டு எடுத்து வைக்க, தண்ணி ஊத்த தினம் ஒரு ஜோடி போடுங்க, ஒரு தமிழ்ப் பிள்ளை ஒரு வெளியூர்ப் பிள்ளை. தட்டுல இருக்கிற பொங்கலுக்கு அவங்க ஊர்ல என்ன பேருன்னு ரெண்டே நாள்ல உங்களுக்கே வந்து சொல்வாங்க.

கேள்வி: பொண்ணு யு.கே.ஜி. வீட்டுல வாய் ஓயாது, ஸ்கூல்ல பேரு கேட்டாகூட பேசமாட்டேங்குறா. வெக்கம்னு மிஸ் சொல்றாங்க.
– ஒரு அம்மா, மதுரை

பதில்: அவ முன்னாடி "இவ பேசமாட்டா"ன்னு யாரும் சொல்லக் கூடாது, முதல்ல அத நிறுத்துங்க. வீட்டுல அவளுக்குப் புடிச்ச ஒரு சாமான், சொப்போ கிளிஞ்சலோ, பையில போட்டு அனுப்புங்க, அதக் காட்டச் சொல்லி மிஸ்கிட்ட பேசி வைங்க. பிள்ளைங்க தன்னப் பத்திப் பேசத் தயங்கும், கையில இருக்கிற பொருளப் பத்திப் பேசத் தயங்காது. மொதல்ல பக்கத்துல உக்கார்ற ஒரே பிள்ளைகிட்ட காட்டினாப் போதும், மொத்த வகுப்பும் வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சும் அங்க ஒரு வார்த்தைகூட வரலேன்னா குழந்தைகள் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டுங்க, பயப்படுறதுக்கு இல்ல, காது கேக்குறதுல இருந்து எல்லாத்தையும் பாத்துடுவாங்க. ஸ்கூல் விட்டு வந்ததும் "இன்னிக்குப் பேசுனியா"ன்னு கேக்காதீங்க. "பக்கத்துல யாரு உக்காந்தா"ன்னு கேளுங்க.