எக்சென்ட்ரிக் சைக்கிளுக்குப் பிறகு தொடை வலி

எக்சென்ட்ரிக் சைக்கிளில், மோட்டார் பின்னோக்கிச் சுழற்றும் பெடலைக் காலால் எதிர்த்தபோது மூச்சே வாங்கவில்லை, ஆனால் 2 நாள் கழித்துப் படியிறங்க முடியவில்லை என்கிறீர்கள். பயப்படாதீர்கள். சுருங்க முயலும் தொடைத் தசையைப் பெடல் இழுத்து நீட்டுகிறது. அதற்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாகும். தசை இழைகளில் விழும் இழுவையோ அதிகம். அந்த வலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணியும்.

பெடலில் கால் தடுமாறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பலவீனம் அல்லவே! எந்தக் கணத்தில் எவ்வளவு எதிர்ப்பது என்பதை மூளை இன்னும் கற்கவில்லை, அவ்வளவுதான். பழகப் பழகச் சீராகும்.

வலி அடங்கியதும் மிகக் குறைந்த விசையில் சில நிமிடங்கள் மட்டும் செய்யுங்கள். ஒருமுறை பட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு வலிக்காது. சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.