பழிக்கு எறியும் பந்து

கேள்வி: பேஸ்பாலில் எதிரணி வீரர் முரட்டுத்தனமாகச் சறுக்கி வந்து நம் ஆளின் காலை முறித்துவிட்டால், பிறகு அவர் பேட் செய்ய வரும்போது நம் பிட்சர் (பந்தெறிபவர்) அவர் உடம்பைக் குறிவைத்துப் பந்தெறிவது நியாயம்தானே? அந்தப் பயம் இல்லையென்றால் யார் ஒழுங்காக ஓடுவார்கள்?

பதில்: நியாயம் இல்லை, அந்தப் பயத்தால் யாரும் ஒழுங்காக ஓடியதும் இல்லை.

2015 அக்டோபர் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய தளம்) பந்தை வாங்கிய மெட்ஸ் அணி வீரர் ரூபன் தெஹாதா, பந்தை அடித்தவரையும் அவுட்டாக்க முதல் பேஸுக்கு எறிவதற்காக ஓடிவருபவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்த நொடியில், எதிரணியான டாட்ஜர்ஸின் சேஸ் அட்லி பேஸை நெருங்கிய பிறகே சறுக்கத் தொடங்கி அவர் கால்களில் மோதினார். தெஹாதாவின் வலது கால் எலும்பு முறிந்தது. அட்லி பேஸைத் தொடவே இல்லை. ஆனாலும் மறுபரிசீலனையில் அவர் அவுட் இல்லை என்றார்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தத் தீர்ப்பை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் பழி என்ன சாதித்தது? ஏழு மாதங்களுக்குப் பின், 2016 மே 28 அன்று, மெட்ஸ் பிட்சர் நோவா சிண்டர்கார்ட் அட்லியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்தை வீசினார். நடுவர் உடனே அவரை வெளியேற்றினார். அட்லியோ அதே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தார். அவற்றில் ஒன்று மூன்று பேஸ்களிலும் ஆள் இருக்கும்போது அடித்தது. டாட்ஜர்ஸ் 9-1 என்று வென்றது. ஓடுபவர் பேஸுக்கு முன்பே சறுக்கத் தொடங்க வேண்டும், பேஸை அடைந்து அங்கேயே நிற்க முயல வேண்டும், மீறினால் அவரோடு பந்தை அடித்த பேட்டரும் அவுட் என்ற விதி, அந்தப் பந்து வீசப்படுவதற்கு முன்பே, 2016 சீசனுக்கென வந்துவிட்டது. ஓடுபவர்களைக் கட்டுப்படுத்தியது அந்த விதிதான்.

உடம்பைக் குறிவைத்த பந்து தலையிலும் படலாம். தலை என்பது விளையாட்டுப் பொருளல்ல. 1920இல் நியூயார்க்கில் பேட் செய்துகொண்டிருந்த ரே சாப்மன் என்ற வீரர் தலையில் பந்துபட்டு மறுநாள் இறந்தார். அது பழிக்காக எறியப்பட்டதன்று. ஆனால் எறிந்தவரின் எண்ணத்தைக் கேட்டுவிட்டா பந்து தாக்குகிறது?

2017 ஏப்ரலில் மேனி மச்சாடோ சறுக்கியதில் எதிரணி வீரர் டஸ்டின் பெட்ரோயாவின் முழங்கால் அடிபட்டது. இரண்டு நாள் கழித்து, பெட்ரோயாவின் அணியைச் சேர்ந்த மேட் பார்ன்ஸ் எறிந்த பந்து மச்சாடோவின் தலைக்குப் பின்னால் பாய்ந்தது; பார்ன்ஸுக்கு நான்கு ஆட்டத் தடை கிடைத்தது. அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்த பெட்ரோயா, இதில் தனக்குப் பங்கில்லை என்று அங்கிருந்தபடியே மச்சாடோவை நோக்கிக் குரல் கொடுத்தார்.